கரண்டிக் கணக்கும் மருந்தும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முதுமொழி. அமிர்தத்துக்கே அவ்வாறெனில், மருந்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் குழந்தைக்குப் புகட்டும் மருந்தை, சமையலறையில் கைக்கு அகப்பட்ட கரண்டியால் அளப்பதே பல இல்லங்களில் வழக்கமாயிருக்கிறது. “ஒரு கரண்டி கொடுத்தேன்” என்று தாய்மார் கூறும்போதெல்லாம், “எந்தக் கரண்டி, அம்மா?” என்று நான் கேட்பதுண்டு.

இது வீண் கேள்வியன்று. மருத்துவர் கணக்கில் தேக்கரண்டி என்பது 5 மில்லி லிட்டர். மேசைக்கரண்டி 15 மில்லி லிட்டர். கரண்டி செய்வோர் இக்கணக்கை நோக்கிச் செய்வதில்லை. கிரேக்க நாட்டில் வீடுகளிலிருந்த தேக்கரண்டிகளை அளந்து பார்த்த ஆய்வொன்று 2010-இல் வெளிவந்தது. அவற்றுள் சிறியது 2.5 மில்லி லிட்டரும், பெரியது 7.3 மில்லி லிட்டரும் கொண்டன. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. கொள்ளளவோ ஏறக்குறைய மும்மடங்கு வேறுபாடு!

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் காண்போம். காய்ச்சலுக்குரிய பாராசிட்டமால், உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்குத் தரப்படுகிறது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராம் போதும். 5 மில்லி லிட்டரில் 250 மில்லிகிராம் கலந்த மருந்தானால், 3 மில்லி லிட்டரே தேவை. அம்மருந்தைப் பெரிய தேக்கரண்டி நிறைய ஊற்றினால், 365 மில்லிகிராம் உள்ளே சென்றுவிடும். இவ்வாறு வேளைதோறும் மிகுமாயின், கல்லீரல் கெடும். சிறிய கரண்டியால் கிருமிக்கொல்லி மருந்தை அளந்தாலோ, பாதியளவே சென்று நோய் தீராது நிற்கும்.

நம் நாட்டில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. சேரும் பலமும் கடைகளை விட்டு நீங்கின. கரண்டி மட்டும் மருந்துப் புட்டியின் அருகே நின்றுவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், வாய்வழித் திரவ மருந்துகளை மில்லி லிட்டரிலேயே குறிக்க வேண்டுமென 2015-இல் வலியுறுத்தியது.

ஆகவே நேயர்களே, மருத்துவரிடம் “எத்தனை மில்லி லிட்டர்?” என்றே கேளுங்கள். அரை மில்லி லிட்டரை 0.5 என்று எழுதச் சொல்லுங்கள். முன்னே பூச்சியமின்றி எழுதினால், புள்ளி கண்ணுக்குத் தப்பி ஐந்தாகிவிடும். புட்டியை நன்கு குலுக்குங்கள். கோடிட்ட மூடியைச் சமதளத்தில் வைத்து, கண்ணுக்கு நேராக அளவு பாருங்கள். கைக்குழந்தைகளுக்கு ஊசியில்லாத சிரிஞ்சே மிகச் சிறந்தது. கரண்டி உணவு பரிமாறட்டும். மருந்தைக் கோடிட்ட அளவையே அளக்கட்டும்.