வீட்டைப் பழுது பார்க்குமுன்

புது வீடு கட்டுவதைக் காட்டிலும் பழைய வீட்டைப் பழுது பார்ப்பது சிரமமான காரியம். பழைய வீட்டில் சுவரும் தளமும் உத்திரமும் தத்தம் குறைகளை மறைத்து வைத்திருக்கின்றன. வாசலில் நின்றபடியே மேஸ்திரி சொல்லும் உத்தேசத் தொகையை நம்பி வேலையைத் தொடங்கிவிட்டு, பாதியில் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் அநேகம். இந்தத் துன்பத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம் என்பது நமது அபிப்பிராயம்.

முதற்காரியம் அளவெடுப்பது. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி. நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. 7 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள கதவு ஒன்றுக்கும், 4 அடிக்கு 3 அடி ஜன்னல்கள் இரண்டுக்குமாக 45 சதுர அடியைக் கழித்தால், மிச்சம் 395. இந்தக் கணக்கு கையில் இருந்தால் மூன்று மேஸ்திரிகளிடம் விலை கேட்டு ஒப்பிடலாம். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் வெவ்வேறு வேலையை மனத்தில் வைத்துத் தொகை சொல்வார்கள். சாமான் யார் பொறுப்பு, இடிசலை அகற்றும் வண்டிக்கூலி யாருடையது, வரி சேர்ந்ததா என்பவற்றையும் எழுதி வாங்குவது நலம்.

அடுத்தது, மறைவாயிருப்பதைத் திறந்து பார்ப்பது. பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் மரக்கட்டைகளின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும். ஈரமும் கறையானும் முதலில் பற்றுவது அங்கேதான். தச்சருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அந்த நுனிகளை உளியால் குத்திப் பார்க்கச் சொன்னால், பின்னால் வரக்கூடிய பெருஞ்செலவு முன்பே தெரிந்துவிடும். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசுவது கணக்கில் மலிவாகத் தோன்றலாம். ஆனால் ஓதம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிப் பூச்சு உதிர்ந்துவிட்டால், மறுபடியும் அதே செலவுதான். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கூலி ஒரு சுதேசிக் கைத்தொழிலுக்கும் ஆதரவாகும்.

கடைசியாக, வேலைகளை இரண்டு ஜாபிதாக்களாக எழுதவேண்டும். ஒழுகல், உத்திரம், மின்சாரக் கம்பி ஆகியவை உடனே செய்யவேண்டியவை. வர்ணமும் தரைக்கல்லும் பொறுக்கக்கூடியவை. மொத்தத் தொகையின்மேல் 100-க்கு 20 வீதம் தனியே ஒதுக்கி வையுங்கள். பணம் போதாமற்போனால் இரண்டாவது ஜாபிதாவில்தான் கை வைக்கவேண்டும்.

1947-இல் தேசத்தின் வரவு செலவு நம் கைக்கு வந்தது. அதற்குக் கணக்குக் கேட்கும் நாம், சொந்த வீட்டுச் செலவையும் வேலை தொடங்குமுன் கணக்கிட்டுப் பார்க்க வேண்டாமா?