கருமணியில் ஒரு வெண்ணொளி

புற்றுநோய் என்றதும் புகையிலையும் முதுமையுமே நினைவுக்கு வருகின்றன. பால்மணம் மாறாத குழந்தையின் விழித்திரையிலும் அது தோன்றும் என்பதை, நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் இந்நோய் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 குழந்தைகளுள் ஒன்றுக்கே வருகிறது. பெரும்பாலும் 5 வயதுக்குள்.

கருமணியில் பூனைக்கண் போன்ற வெண்ணொளி தெரிவதே முதல் அடையாளம். ஃபிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில்கூட அது விழும். மாறுகண்ணும் ஓர் அறிகுறியாகலாம். அதை அதிர்ஷ்டம் என்று எங்கள் பக்கத்தில் மகிழ்வார்கள், என்னால் மகிழ முடியவில்லை. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது, குழந்தையும் அழாது. 13ஆம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணு பழுதுபடுவதே காரணம், திருஷ்டி அன்று.

விரைவில் கண்டால் உயிரோடு பார்வையையும் பல வேளைகளில் காக்கலாம். பிந்தினால் கண்ணையே எடுக்க நேரும். அதற்கும் அஞ்சித் தயங்கினால் நோய் மூளைக்கு ஏறும். சிலரிடம் இது பரம்பரையாகவும் வருமாதலால், உடன்பிறந்த குழந்தைகளின் கண்களையும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.