ஸ்பிட்ஃபயர் மாடலுக்குப் புது இறக்கை நுனி

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் இறக்கை நுனிகள் தனியே கழற்றி மாட்டக்கூடியவை. வழக்கமான நுனிகளோடு அதன் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். 1941இல் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 களத்துக்கு வந்தது. சட்டென்று பக்கவாட்டில் உருண்டு திரும்புவதில் அதற்கு ஈடுகொடுக்க, தாழப் பறக்கும் ஸ்பிட்ஃபயர்களின் நுனிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை மூடியால் அடைத்தார்கள், நீளம் 9.93 மீட்டராகக் குறைந்தது. காற்று மெலிந்த உயரங்களுக்கென்று வந்த மார்க் 6, மார்க் 7 வகைகளுக்கு நேர்மாறாக நீண்டு கூர்ந்த நுனிகள், மொத்தம் 12.24 மீட்டர்.

மாடல் கிட்டில் வேண்டிய நுனி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் தகட்டில் கையால் செய்துகொள்ளலாம். 1:48 அளவில் நீள நுனிக்குப் பக்கத்துக்குச் சுமார் 10.5 மி.மீ. கூட்ட வேண்டும், கட்டை இறக்கைக்கு 13.5 மி.மீ. குறைக்க வேண்டும். குறைப்பது எளிது: மெல்லிய பல் ரம்பத்தால் அறுத்து, ஓரத்தை உருட்டித் தேய்த்தால் முடிந்தது. நீட்டுவதில்தான் கைவேலை இருக்கிறது.

இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எய்லெரானுக்கு வெளியே, நுனி சேரும் கோட்டிலேயே கிட்டின் இறக்கையை அறுப்பது நல்லது. ஒட்டு தெரிந்தாலும் அங்கே நிஜமாகவே ஒரு கோடு உண்டு. அடுத்து, வரைபடத்தின்படி 0.5 மி.மீ. தகட்டில் நுனியின் வடிவத்தை வெட்ட வேண்டும். இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் வெட்டினால் இடமும் வலமும் பிசகாது. இதுவே நடுத்தகடு. இது கறுப்பாகவும், மேலும் கீழும் ஒட்டும் தடித்த தகடுகள் வெள்ளையாகவும் இருந்தால் பாதி வேலை மிச்சம். உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, விளிம்பில் கறுப்புக் கோடு தெரியும் இடத்தில் கையை நிறுத்திவிடலாம்.

இங்கே அவசரம் ஆகாது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவம் சாதாரணப் பசை அல்ல, கரைப்பான். இரு பரப்புகளிலும் உள்ள மூலக்கூறு இழைகளை அது தளர்த்தி ஒன்றோடொன்று பின்னவிட்டு, பிறகு ஆவியாகிறது. அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய கரைப்பான் வெளியேறப் பல நாள் பிடிக்கும். அதற்குள் தேய்த்தால், வண்ணம் அடித்த பிறகு ஒட்டுக்கோடு பள்ளமாக இறங்கும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்வதும் அவசியம். அந்த ஆவி மூச்சுக்கு நல்லதல்ல.

மேலிருந்து பார்க்கும் வடிவம் சரியாக இருந்தால் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பார்வை ஏமாறுவது தடிமனில்தான். இந்த இறக்கை, உடலோடு சேரும் அடியில், அகலத்தில் 13 விழுக்காடு தடிமன் கொண்டது. நுனி நோக்கி மெலிகிறது. முறுக்கும் உண்டு: அடியில் 2 டிகிரி மேல்நோக்கிய சாய்வு, நுனியில் அரை டிகிரி கீழ்நோக்கி. பின்விளிம்பில் 0.5 மி.மீ. தடிமன் விட்டால், நிஜ அளவில் அது 24 மி.மீ. மொக்கை விளிம்பு. அடிப்புறத்திலிருந்தே தேய்த்து மெலிப்பது வழக்கம்.

ஒட்டுக்குள் மெல்லிய பித்தளைக் கம்பி செருகினால் நுனி தொங்காது. பட்டி பூசி, சாம்பல் பிரைமர் அடித்தால் மிஞ்சிய கீறல்கள் எல்லாம் வெளிவரும். விளக்குகள் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை.

நுனிகள் மாற்றத்தக்கவை என்பதால் ஒரே மார்க் விமானங்கள் வெவ்வேறு நுனிகளோடும் பறந்தன. ரம்பத்தை எடுக்குமுன், செய்யப்போகும் அதே விமானத்தின் புகைப்படத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.