பாசி தின்னும் மீனுக்கு உணவளித்தல்

கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியிலும் கற்களிலும் பச்சைப் பாசி படரத் தொடங்கியதும், அதைத் தின்று தீர்ப்பதற்கென்றே ஒரு மீனை வாங்கி விடுவது பலருக்கு வழக்கமாக இருக்கிறது. மீனும் தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. சில வாரங்களில் தொட்டி பளிச்சென்று ஆகிவிட, வளர்ப்பவர் மகிழ்ச்சி அடைகிறார். மீனுக்கோ அன்றுதான் பஞ்சம் தொடங்குகிறது. மற்ற மீன்களுக்குப் போடும் இறால் துணுக்குகளை அதுவும் ஓடிவந்து கவ்வுவதால், அது பட்டினி கிடப்பதாக எவருக்கும் தோன்றுவதில்லை. பின்னர் அது இறந்து மிதக்கும்போது பழி தண்ணீரின்மேல் விழுகிறது.

பவளப் பாறைகளில் வாழும் இம்மீன்கள் பொழுது விடிந்தது முதல் அடையும் வரை கொறித்துக்கொண்டே இருப்பவை. பாசியில் நீரும் நாரும் மிகுதி. புரதமும் கொழுப்பும் குறைவு. எனவே நிறையத் தின்றால்தான் உடல் தேறும். இதற்கேற்ப இவற்றின் குடல், ஊன் உண்ணும் மீன்களின் குடலைவிட மிக நீண்டு சுருண்டிருக்கும். வாலடியின் இருபுறமும் கத்தி போன்ற முள் இருப்பதால் சர்ஜன் மீன் எனப் பெயர் பெற்ற இனத்தில் ஒரு விந்தையும் உண்டு. செங்கடலில் பிடித்த பழுப்புநிறச் சர்ஜன் மீனின் குடலில் காணப்பட்ட ஓர் உயிரைப் பற்றி 1985-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் எழுதினர். அரை மில்லிமீட்டருக்கு மேலும் வளரும் அது வெறுங்கண்ணுக்கே தெரியும். அது ஒரு பாக்டீரியா என்பது 1993-இல்தான் உறுதியாயிற்று. எபுலோபிஷியம் என்பது அதன் பெயர். நுண்ணுயிர் என்று அதை அழைக்கச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது! பாசி நின்றால் மீன் மட்டுமன்று, அதன் குடலில் குடியிருக்கும் இத்தகைய உயிர்களும் ஆதாரம் இழக்கின்றன.

பாசி தின்னும் மீன் என்று பொதுவாகச் சொன்னாலும், எல்லா மீனும் எல்லாப் பாசியையும் தின்பதில்லை. கூரிய வாயுடைய செப்ரசோமா இன மீன்கள் இழைப் பாசியைக் கொத்தித் தின்னும். டினோகீட்டஸ் இனம் தூரிகை போன்ற பற்களால் கல்லின்மேல் படிந்த மெல்லிய படலத்தைச் சீவி எடுக்கும். சலாரியாஸ் என்னும் சிறு மீனும் படலத்தையும் வண்டலையும் நம்பியே வாழ்வது; துப்புரவான புதுத் தொட்டியில் மிக எளிதில் மெலிந்து போவது இதுவே. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கிடைக்கும் ஓரா மீன் இலைப் பாசியை விரும்பும். கடற்பாசி வளர்ப்போருக்கு அதனால் வரும் நஷ்டம் கொஞ்சமன்று.

ஆகவே தொட்டியில் முளைப்பது போதாது. நாம் தர வேண்டும். கரைப் பாறைகளில் பச்சை இலைபோல் வளரும் உல்வாவும், அகர்-அகர் எடுக்கப் பயன்படும் கஞ்சிப்பாசியும் நல்ல உணவு. கழிவுநீர் சேரும் இடங்களிலும் துறைமுக ஓரங்களிலும் உள்ளவற்றை எடுக்கலாகாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கும் கை வைக்கக் கூடாது. கொண்டுவந்ததை நன்னீரில் அலசினால் ஒட்டியிருக்கும் சிற்றுயிர்களில் பெரும்பாலானவை நீங்கும். கடலுக்குத் தொலைவில் இருப்போர் தாள்போல் உலர்த்தி விற்கப்படும் நோரிப் பாசியை வாங்கலாம்; எண்ணெயும் மசாலையும் சேராததாக இருத்தல் அவசியம். வெந்நீரில் வாட்டிய பசலைக்கீரை ஆபத்துக்கு உதவுமேயன்றிக் கடற்பாசிக்கு ஈடாகாது.

மீனின் உடலளவுள்ள ஒரு துண்டைக் காலையில் கண்ணாடியில் பிடிப்பானால் மாட்டிவிட்டு, மாலையில் மிஞ்சியதை எடுத்துவிடுக. துண்டு நண்பகலுக்குள் தீர்ந்துவிட்டால் மறுநாள் அளவைக் கூட்டுக. புதிதாக வந்த மீன் தொங்கும் தாளை உணவென்று அறியாது. ரப்பர் வளையத்தால் அதைக் கல்லில் கட்டி வைத்தால் விரைவில் கொத்தத் தொடங்கும். உணவு அழுகினால் நீர் கெடும், பாசி மேலும் பெருகும் என்ற அச்சத்தால் சிலர் மிகச் சிக்கனமாகவே போடுகின்றனர். மிச்சத்தை எடுப்பதும் நீரை மாற்றுவதும் அதற்குப் பரிகாரம், பட்டினி பரிகாரமன்று.

மீனை நேர் முன்னாலிருந்து பார்க்க வேண்டும். வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின்னுள்ள முதுகுச் சதை கத்திபோல் மெலிந்திருந்தால் அது நெடுநாளாகப் பசித்திருக்கிறது. தலையிலும் பக்கக் கோட்டிலும் குழிகள் தோன்றுவதற்கும் ஊட்டக்குறைவு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இம்மீன்களில் பெரும்பாலானவை இன்றும் பாறைகளில் பிடிக்கப்பட்டே தொட்டிக்கு வருகின்றன. மஞ்சள் சர்ஜன் மீனை ஹவாயில் முட்டையிலிருந்து வளர்த்தெடுக்க முடிந்ததே 2015-இல்தான். அத்தகைய உயிர் ஒன்று நம் வகுப்பறையில் பசியால் சாவது வருந்தத்தக்கது.

ஓராவைக் கையாளும்போது கவனம் தேவை. அதன் முதுகில் 13 முட்களும் அடியில் 7 முட்களும் உண்டு. இடுப்புத் துடுப்புகளிலும் முட்கள் இருக்கின்றன. அனைத்தும் நச்சுடையவை. வலை நூலில் இம்முட்கள் சிக்கும். ஆகையால் ஓராவை வலையால் அள்ளாமல் பாத்திரத்தால் முகந்து மாற்றுவது நலம்.

பள்ளித் தொட்டிகளுக்கு விடுமுறைதான் பெருஞ்சோதனை. தானியங்கி ஊட்டுக்கருவி குறுணை உணவை மட்டுமே தூவும். காவலாளியிடம் ஒரு நாளுக்கு ஒரு பொட்டலமாகப் பாசித் தாளை மடித்துக் கொடுத்து, பிடிப்பானில் மாட்டும் முறையை ஒருமுறை செய்து காட்டிவிட்டுச் செல்க.