தங்கப் பதக்கமும் மாலை 5 மணியும்

பயிற்சி, சாப்பாடு, தூக்கம் இதெல்லாம் ஒரு வீரரின் ஆட்டத்தைப் பாதிக்கும்னு நமக்குத் தெரியும். போட்டி எத்தனை மணிக்கு நடக்குதுங்கிறதும் பாதிக்குமா?

பாதிக்கும். இதைச் சோதிக்க நீச்சல் நல்ல களம். தண்ணீரின் வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருப்பார்கள். ஒரே ஆள் அதே தூரத்தை முதல் சுற்று, அரையிறுதி, இறுதி என்று வேறு வேறு நேரங்களில் நீந்துவார். 2004 ஏதென்ஸ் முதல் 2016 ரியோ வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு வந்த 144 பேரின் நேரங்களை அலசிய ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. அதிவேகம் பதிவானது மாலை 5.12 மணி வாக்கில். நேரத்தால் வரும் வித்தியாசம் 0.37 சதவீதம்.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனா, அலசிய இறுதிப் போட்டிகளில் 40 சதவீதத்தில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த இடைவெளி இதைவிடக் குறைவு! 2008 பெய்ஜிங்கில் மைக்கேல் பெல்ப்ஸ் 100 மீட்டர் பட்டர்ஃபிளையை 50.58 விநாடியில் முடித்தார். இரண்டாவதாக வந்தவர் 0.01 விநாடிதான் பின்னால். 50.58-ல் 0.37 சதவீதம் என்பது கிட்டத்தட்ட 0.19 விநாடி.

காரணம் உடம்பின் உள்வெப்பம். விடியற்காலையில் அது மிகக் குறைவாக இருக்கும். பிறகு மெல்ல ஏறி மாலையில் உச்சத்துக்கு வரும். சூடான தசை வேகமாகச் சுருங்கும், நரம்பும் வேகமாகச் செய்தி கடத்தும்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். பெய்ஜிங்கில் நீச்சல் இறுதிப் போட்டிகள் நடந்தது காலையில். அமெரிக்காவில் அப்போது இரவு, டிவி பார்க்கும் நேரம். டோக்கியோவிலும் இதே கதைதான்.

"பெய்ஜிங்கில் 25 உலக சாதனைகள் வந்ததே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா, அது புதுவகை நீச்சலுடை வந்த வருஷம். உடலை மூடும் அந்த மாதிரி உடைகளுக்கு 2010-ல் தடையே வந்தது. அதனால் காலை நேரம் பாதிக்கலைன்னு அந்த 25-ஐ வைத்துச் சொல்ல முடியாது.

எல்லாருக்கும் ஒரே மணிதானே, இதில் என்ன அநியாயம்? எல்லா உடம்பும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. சீக்கிரம் எழுகிறவர் உச்சத்துக்கு முன்னதாகவே வந்துவிடுவார், இரவில் நெடுநேரம் விழித்திருப்பவருக்கு அது தாமதமாகத்தான் வரும். காலைப் போட்டியில் இரண்டாமவருக்குத்தான் கூடுதல் நஷ்டம்.

இதை ஓரளவு சரிக்கட்டலாம். போட்டி நடக்கும் அதே மணியில் சில வாரங்கள் பயிற்சி செய்தால் காலை-மாலை வித்தியாசம் குறையும். நன்றாக வார்ம்-அப் செய்வதும் உதவும்.

நீங்க விடியற்காலை ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தால், மாலையில் மட்டும் பயிற்சி செய்யாதீங்க. போட்டியையே மாலைக்கு மாற்றச் சொல்லவும் வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு உடம்பு கூடுதலாகச் சூடாவதுதான் பிரச்சினை. அங்கே விடியற்காலைதான் நல்லது.