லைன் வீட்டில் முதல் போடுமுன்...

கடையில் மிஞ்சும் லாபத்தை மண்ணில் போடுவது பர்கூர் ஜவுளி வியாபாரிகளுக்குப் புதிதல்ல. அண்மைக் காலமாக அந்தப் பணம் காலி மனையிலிருந்து லைன் வீடுகளின் பக்கம் திரும்பி வருகிறது. போச்சம்பள்ளி சிப்காட்டில் 2021-ல் ஓலா மின் ஸ்கூட்டர் ஆலை வந்தது. குருபரப்பள்ளியில் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. ஓசூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேலைக்கு வருவோருக்குக் கூரை வேண்டும். நமக்கு மாத வருமானம் வேண்டும். நல்ல தொழில்தான். ஆனால் சரக்கு எடுக்குமுன் கணக்குப் பார்ப்பது போல, இதிலும் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குக்காக, மனையோடு சேர்த்து 30 லட்சம் ரூபாயில் ஆறு வீடுகள் கட்டி, தலா 4,000 ரூபாய் வாடகைக்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வரவு 2,88,000 ரூபாய், நூற்றுக்கு 9.60 என்று மனம் மகிழும். சுண்ணாம்பு, மோட்டார் பழுது, வீட்டு வரி என்று 40,000 ரூபாய் கழித்தால் 8.27 ஆகிவிடும். ஆறு வீடுகளும் ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் மிஞ்சுவது 1,04,000 ரூபாய். நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை. வங்கித் தவணையோ மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

இது வீண் பயமுறுத்தல் அன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1 அன்று நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அந்த வளாகத்தைச் சால்காம்ப் நிறுவனம் எடுத்து மீண்டும் வேலை நடக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒரே ஆலையை நம்பி வீடு கட்டுவது, கடை முழுவதையும் ஒரே வாடிக்கையாளருக்குக் கடனாகக் கொடுப்பதற்குச் சமம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைச் சிப்காட் கட்டி முடித்தது. செலவு 706.50 கோடி ரூபாய். தனியாக வருவோருக்கு இப்படி விடுதிகள் எழும் இடங்களில், அறை அறையாகக் கட்டியவர் போட்டியிட முடியாது. குடும்பத்தோடு வருவோருக்கு ஏற்றதாக, சமையலறையும் தனிக் கழிப்பறையும் உள்ள வீடே நிலைக்கும். பள்ளி, பேருந்து நிறுத்தம், மளிகைக் கடை அருகில் இருந்தால், ஓர் ஆலை படுத்தாலும் கடைச் சிப்பந்திகளும் ஆசிரியர்களும் குடிவருவர்.

குடியிருப்பவரும் நம் வாடிக்கையாளரே. ஆறு வீட்டுக்கும் ஒரே மின் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பது சிறுலாபம், பெருநட்டம். தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலவச மின்சாரச் சலுகை கிடைக்கும். ஒரே மீட்டரில் அந்தச் சலுகை போய், கட்டண விகிதமும் ஏறிவிடும். சம்பளத்தில் எண்ணிச் செலவழிக்கும் குடும்பம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். நம் வீடு பூட்டிக் கிடக்கும்.

வாய்ப்பேச்சில் வாடகைக்கு விடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். நகர்ப்புற வாடகைக்கு 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழகச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. வேறு உடன்பாடு இல்லையேல் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வெளிமாநிலத்தவர் என்றால் நிபந்தனைகளை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட வேண்டும். மாதா மாதம் ரசீது கொடுத்தால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வருமான வரியிலும், வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு.

வியாபாரத்தில் சுழல வேண்டிய முதலை எடுத்துக் கட்டாதீர்கள். ஆறு மாத வாடகையை ஒதுக்கி வைத்துவிட்டு, அஸ்திவாரம் போடுங்கள். வீடு காலியானாலும் கடை காலியாகாது.