வரி கட்டிய பணத்துக்கும் வரியா?

அமெரிக்காவில் ஊதியம் பெறுவோர் வாஷிங்டனிலுள்ள கூட்டாட்சி அரசுக்கு வருமான வரி செலுத்துவதோடு, பெரும்பாலான மாநிலங்களில் மாநில அரசுக்குத் தனியாக ஒரு வருமான வரியும், சொந்த வீடு இருந்தால் உள்ளாட்சிக்குச் சொத்து வரியும் செலுத்துகின்றனர். பின்னிரண்டுக்கும் கட்டிய தொகையைக் கூட்டாட்சி வரிக்குரிய வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ள அனுமதிப்பதே மாநில, உள்ளாட்சி வரிக் கழிவாகும். 1862, 1913 ஆகிய ஆண்டுகளின் வருமான வரிச் சட்டங்களிலேயே இடம்பெற்ற இக்கழிவுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 10,000 டாலர் என்று உச்சவரம்பு விதித்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் அதை 40,000 டாலராக உயர்த்தினாலும், ஆண்டு வருமானம் ஏறத்தாழ 5 லட்சம் டாலரைத் தாண்டுவோருக்கு வரம்பு படிப்படியாகச் சுருங்குகிறது. 2030-இல் அனைவருக்கும் மீண்டும் 10,000 டாலரே வரம்பாகும்.

மாநில அரசு கட்டாயமாக வசூலித்துவிட்ட பணம் குடிமகனின் கையில் இல்லை என்பதால், அதற்கும் வரி கேட்பது இரட்டை வரி என்று கழிவை ஆதரிப்போர் வாதிடுகின்றனர். அந்தப் பணம் நல்ல பள்ளிகளாகவும் சாலைகளாகவும் கட்டியவர்களுக்கே திரும்புவதால் அதுவும் ஒருவகைச் செலவே என்றும், வருமான வரியே இல்லாத டெக்சாஸ், புளோரிடா மக்கள் பிற மாநிலங்களின் செலவை ஏன் தாங்க வேண்டும் என்றும் எதிர்ப்போர் கேட்கின்றனர். உச்சவரம்பை எதிர்த்து நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட், மேரிலாந்து ஆகிய நான்கு மாநிலங்கள் தொடுத்த வழக்கு மேல்முறையீட்டிலும் தோற்றது. அதை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2022-இல் மறுத்துவிட்டது.

மாநிலங்களுக்கிடையிலான இந்தப் பூசலைவிட, வரி கட்டுவோருக்கிடையிலான ஏற்றத்தாழ்வே ஆழமானது. கழிவு வருமானத்திலிருந்து குறைக்கப்படுவதால், அதன் பயன் ஒருவரின் வரி விகிதத்தைப் பொறுத்தது: 10,000 டாலர் கழிவால் 35 சதவீத விகிதத்தில் இருப்பவருக்கு 3,500 டாலர் மிஞ்சும்போது, 12 சதவீத விகிதத்தில் இருப்பவருக்கு 1,200 டாலரே மிஞ்சுகிறது. அந்த 1,200-ம்கூடப் பலருக்குக் கிடைப்பதில்லை. ஏனெனில், இக்கழிவுக்குச் செலவுகளைப் பட்டியலிட வேண்டும்; அப்படிச் செய்யாமல் எல்லாரும் எடுத்துக்கொள்ளத்தக்க நிலையான கழிவையே ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களில் வாடகை வீட்டில் இருப்போர், உரிமையாளரின் சொத்து வரியை வாடகையின் வழியே ஓரளவு சுமந்தும், அதைத் தம் பெயரில் கழித்துக்கொள்ள இயலாது. மறுபுறம், கூட்டு நிறுவனங்களின் பங்குதாரர்கள் தம் மாநில வரியை நிறுவனத்தின் பெயரில் கட்டி உச்சவரம்பைக் கடந்துவிடப் பல மாநிலங்கள் சட்டம் இயற்றியுள்ளன. அதே வருமானமுள்ள மாதச் சம்பளக்காரருக்கு அந்த வழி இல்லை.

எனவே, வரம்பு பத்தாயிரமா நாற்பதாயிரமா என்ற பேரத்தால் நியாயம் பிறக்காது. மாநில வரி குடிமகனின் வரி செலுத்தும் சக்தியைக் குறைக்கிறது என்ற கொள்கை உண்மையானால், அது எளியவருக்கும் உண்மையாக வேண்டும். கட்டிய மாநில, உள்ளாட்சி வரியில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை, வருமானத்திலிருந்து அல்லாமல், செலுத்த வேண்டிய வரியிலிருந்தே அனைவருக்கும் ஒரே அளவில் தள்ளுபடி செய்வதே அக்கொள்கைக்குப் பொருந்தும் வழியாகும்.